மாப்பிள்ளை வண்டி

வண்டியை ஓட்டுகிற நேரத்தைவிடப் பூட்டுகிற நேரம் அதிகமாக இருக்கிற மாப்பிள்ளை வாய்த்தால் மாமியார் என்னதான் செய்வாள்? ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து அவள் அப்படி நின்றது அது நாலாவது தடவை.

டீக்கடையில் பத்து நிமிஷம் உட்காருவதற்குத்தான் இந்தப் பாடு. கடைக்குள்ளிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற மாதிரி மாப்பிள்ளை வண்டியை நிறுத்தினார். சைடு லாக் போட்டார். பையிலிருந்து ஒரு குட்டிப் பூட்டை எடுத்து முன்சக்கரத்து டிஸ்கில் மாட்டினார். இரண்டடி நடந்து, திரும்பி வந்து, ஹேண்டிலை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார், அதுவும் வண்டியைப் பார்த்த மாதிரி.

"எங்கிருந்து வர்றீங்க?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"பக்கத்துலதான்," என்றார் மாப்பிள்ளை.

"எதுவரைக்கும்?"

"சும்மா இப்படியே, கொஞ்ச தூரம்."

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. கேட்ட மனுஷனுக்கு இப்படியா பதில் சொல்வது? "நாங்க மலைக்குப் போறோங்க! சாயங்காலம் மலைப்பாதைக் கேட்டை மூடிடுவாங்கல்ல, அதனால இன்னிக்கு அடிவாரத்து லாட்ஜ்லதான் தங்குறோம். என் பொண்ணுக்கு நாளைக்குப் பத்து மணிக்கு ஆபரேஷன். இவர் எங்க மாப்பிள்ளை!"

எதிர்ப்பக்கம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். எங்கே தங்குகிறோம் என்று வழியில் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது மாப்பிள்ளையின் சட்டம். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய் வண்டி பக்கத்தில் நின்றுகொண்டார்.

அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் மேற்பார்வை பார்த்தவள். அந்த மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்தினால்தான் ஒரு போர்வை இங்கிருந்து அங்கே நகரும். அங்கே அவளுக்குப் பேரே மைக்கம்மா. ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் ரகசியம் பேசுகிற தொண்டை அவளுக்குத் திரும்பி வரவில்லை.

மகளுக்கு மலைமேல் ஊரில், மின்சார ஆபீஸில் வேலை. மாப்பிள்ளைக்குக் கீழே, மாமியார் வீட்டுக்குப் பக்கத்து நகரத்தில், பார்சல் கிடங்கில். வார லீவுக்கு அவர் ஏறிப் போவதும் இறங்கி வருவதுமாகக் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது. பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அடுத்த வாரம் அம்மா பஸ்ஸில் போய்த் துணைக்கு இருப்பாள் என்று ஏற்பாடு. அதற்குள் அன்று காலையில் போன் வந்துவிட்டது. குழந்தையைச் சுற்றி இருக்கிற தண்ணீர் குறைந்திருக்கிறதாம், இனிமேல் காத்திருக்க வேண்டாம், நாளைக் காலை பத்து மணிக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மழையில் வழிப்பாலம் ஒன்று உட்கார்ந்துவிட்டதால் பஸ் எல்லாம் நின்றுபோயிருந்தது. பைக்கை மட்டும்தான் தள்ளிக்கொண்டு போக விடுகிறார்கள்.

"எனக்குப் பயமா இருக்கு. உள்ள போறதுக்கு முன்னாடி உங்களை ஒரு தடவை பாத்துடணும்," என்று மகள் போனில் அழுதிருக்கிறாள். "வந்துடுவேன்," என்று அவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். பத்து மணிக்குள் அந்த ஆள் அந்தக் கதவு முன்னால் நிற்க வேண்டும். அதற்கு இந்த வண்டியை விட்டால் வேறு வழி கிடையாது.

அவருடைய பூட்டுப் பைத்தியம் பிறவியிலேயே வந்ததில்லை. கொடுத்தவளே மாமியார்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், மாப்பிள்ளை பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு மலையிலிருந்து மாமியார் வீட்டுக்குப் பைக்கிலேயே கிளம்பினார். தூரம் அதிகம், வழியில் ஒரு ராத்திரி தங்க வேண்டியிருந்தது. தங்கின இடத்தில் வண்டி களவு போய்விட்டது. மறுநாள் இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இங்கே வீடு நிறைய சொந்தக்காரர்கள். புது மாப்பிள்ளை ஒரு கைக்கு ஒரு ஹெல்மெட்டாகப் பிடித்துக்கொண்டு, வண்டி இல்லாமல், வாசலில் வந்து நிற்கிறார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஒரு வண்டியையே பாத்துக்கத் தெரியலை, என் பொண்ணை எங்க பாத்துக்கப் போறாரு!"

சிரிக்கத்தான் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். மகள் மட்டும் செருப்பைக் கழற்றாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து மாப்பிள்ளை அவளிடம் மரியாதையில் ஒரு குறை வைத்ததில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வாங்க அத்தை, சாப்பிட்டீங்களா அத்தை, சரிங்க அத்தை. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார், இன்னும் கொஞ்சம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இரண்டாவது வண்டி வாங்கியபோது வண்டி வருவதற்கு முன்னாலேயே சங்கிலி வாங்கிவிட்டார் என்று மகள் சொன்னாள். சொன்னபோது அவள் குரலில் கிண்டல் இல்லை. தப்புதான் என்று மருமகனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அதை எப்படி ஆரம்பிப்பது என்று நாலு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடிவாரத்து லாட்ஜில் அன்று கல்யாணக் கூட்டம். கல்யாணம் அன்று காலையே முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் ஊர் திரும்புவதாக இருந்தார்கள். முன்பக்கம் முழுக்க அவர்களுடைய கார்கள். "பைக்கைப் பின்னாடி விட்டுக்கங்க சார்," என்றார் மேனேஜர். பின்னால் ஒரு சிமென்ட் முற்றம், ஒரு தண்ணீர்த் தொட்டி, கால் உடைந்த நாற்காலிகள். அவ்வளவுதான்.

"சங்கிலியைக் கட்ட ஒரு கம்பம்கூட இல்லையே அத்தை," என்றார் மாப்பிள்ளை. முகம் சுருங்கிப்போயிருந்தது.

ஆனாலும் தன் கடமையில் அவர் ஒன்றும் குறை வைக்கவில்லை. வண்டியின் மூக்கைச் சுவரில் இடிக்கிற மாதிரி நிறுத்தி, பெட்ரோல் குழாயை அடைத்து, சைடு லாக், டிஸ்க் பூட்டு, பின்சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்துச் சங்கிலி, எல்லாம் ஆனது. சீட்டைத் தூக்கி ஒரு ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடைசியாக ஒரு பழைய சாம்பல் நிறக் கவரைப் போர்த்தினார். அதில் வேண்டுமென்றே நாலு ஒட்டுப் போட்டிருந்தார். கவர் புதிதாக இருந்தால் உள்ளே நல்ல வண்டி இருக்கிறது என்று திருடனுக்குத் தெரிந்துவிடுமாம்.

அவள் அதற்குள் லாட்ஜில் அறிமுகமாகிவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்த அம்மாவிடம் எங்க மாப்பிள்ளை இப்படி, மேனேஜரிடம் எங்க மாப்பிள்ளை அப்படி, படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் எங்க மாப்பிள்ளைதான் வண்டி ஓட்டிட்டு வந்தார். நேரில் ஒரு வார்த்தை பேச முடியாத மனுஷனைப் பற்றி ஊர் முழுக்கப் பேசுவதில் அவளுக்கு ஒரு ஆறுதல்.

இருவருக்கும் மாடியில் பக்கத்துப் பக்கத்து அறை. சாப்பிட்டு முடித்து அவள் எட்டிப் பார்த்தபோது மாப்பிள்ளை வராந்தா ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்க அப்படியே இருக்கிற உத்தேசம் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"மாப்பிள்ளை, நாளைக்கு மலைப்பாதையில ஓட்டப்போறது நீங்க, நானில்லை. போய்ப் படுங்க. என் ஜன்னலும் இந்தப் பக்கம்தான் இருக்கு. வண்டியை நான் பாத்துக்கறேன்."

அவர் தயங்கினார்.

"எனக்கு வயசாயிடுச்சு, தூக்கம் வராது. பாத்துக்கறேன்னு சொன்னா பாத்துக்குவேன்."

"சரிங்க அத்தை," என்று எழுந்தார். படுத்தாரே தவிர, சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் வெகுநேரம் கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது. இவளும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். கண்ணை மூடுவதும் எழுந்து எட்டிப் பார்ப்பதுமாக ராத்திரி கழிந்தது. கவர் போட்ட வண்டி நின்ற இடத்தில் நின்றது.

நாலரை மணிக்கு, இருபத்தேழு வருஷத்துக் காலை ஷிஃப்ட் பழக்கத்தில் முழிப்பு வந்துவிட்டது. கீழே பேச்சுச் சத்தம். ஜன்னலைத் திறந்தாள். நாலு ஆட்கள் கவரைத் தூக்கி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துச் சந்தில் ஒரு மினி லாரி பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"யாருப்பா அது!" என்றாள். அந்தக் குரலுக்கு நாலு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"அம்மா, இந்தக் கறுப்பு வண்டி மாப்பிள்ளை வண்டிதானே?"

அவளுக்கு உடனே மனசு இறங்கிவிட்டது. பார், நேற்று சொன்னதை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

"ஆமாப்பா, மாப்பிள்ளை வண்டியேதான்!"

"எடுத்துடலாமா?"

லாரி திரும்புவதற்கு இடம் வேண்டும் போலிருக்கிறது, ஓரமாக எடுத்து வைக்கக் கேட்கிறார்கள் என்று நினைத்தாள். "தாராளமா எடுங்க. பாத்து, கீறல் விழாம."

"சாவி வேணுமேம்மா. ரெண்டு சக்கரமும் பூட்டியிருக்கு."

"சாவி அவர் தலையணைக்கு அடியில இருக்கும். அவரை எழுப்பாதீங்க, பாவம். ராத்திரி முழுக்க முழிச்சிருந்துட்டு இப்பதான் கண்ணசந்திருக்கார்."

கீழே நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. "நாலு பேர் இருக்கீங்கல்ல, தூக்கிடுங்களேன்!" என்றாள். அவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஏலேலோ போடாத குறையாகத் தூக்கிக்கொண்டு சந்துப் பக்கம் போனார்கள். முன்வாசலுக்குக் கொண்டுபோகிறார்கள், அதுவும் நல்லதுதான், இறங்கியதும் புறப்படலாம். ஒரு காரியம் முடித்த திருப்தியோடு அவள் குளிக்கப் போனாள்.

ஐந்தே காலுக்கு மாப்பிள்ளை தயாராகி இரண்டு ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். ஆறு மணிக்குக் கேட் திறக்கும், அங்கிருந்து மூன்றரை மணி நேரம், ஒன்பதரைக்குப் போய்விடலாம். முற்றத்தில் வண்டி இல்லை. கவர் மட்டும் மடித்துத் தொட்டி மேல் வைத்திருந்தது.

"முன்னாடி நகத்தி வச்சிருக்காங்க மாப்பிள்ளை," என்றாள் அவள் பின்னாலேயே வந்து.

முன்னால் ஓடினார். கார்கள் இருந்தன. கார்களுக்கு நடுவில் ஒரு கறுப்பு பைக்கும் நின்றது, தூரத்திலிருந்து பார்க்க அதே மாதிரி. கிட்டே போனால் வேறு நம்பர். லாரியைக் காணோம். மேனேஜர் இடத்தில் யாரும் இல்லை.

மாப்பிள்ளை லாட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. இரண்டு கையிலும் இரண்டு ஹெல்மெட்.

"நான் படுத்திருக்கக் கூடாது," என்றார் தரையைப் பார்த்து. "அன்னிக்கே நீங்க சொன்னீங்க அத்தை. சரியாத்தான் சொன்னீங்க. எனக்குப் பாத்துக்கத் தெரியலை. அவ அங்க கதவையே பாத்துக்கிட்டு இருப்பா."

மாப்பிள்ளை வண்டி. கல்யாண வீடு. எடுத்துடலாமா. சிரிப்பு. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. எந்த மாப்பிள்ளையை அவர்கள் கேட்டார்கள் என்பது இப்போதுதான் அவள் மண்டையில் ஏறியது. கல்யாணச் சாமானோடு மாப்பிள்ளையின் பைக்கையும் ஏற்றிக்கொண்டு போக வந்த லாரி. இவள் மாடியில் நின்று, பத்திரமாக, கீறல் விழாமல், மருமகனின் வண்டியை ஏற்றி அனுப்பியிருக்கிறாள்.

யாருக்கும் தெரியாது. அதுவும் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. திருட்டு என்றே இருந்துவிட்டுப் போகட்டும். தினம் எத்தனை வண்டி களவு போகிறது, இது ஒன்று. ஒரு அரை நிமிஷம் அந்த எண்ணத்தோடு நின்றாள். ஆனால் அந்தத் தலை குனிந்திருந்த விதம் இருக்கிறதே, அதை நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை பார்த்து, சும்மா விட்டுவிட்டவள் அவள். இன்னொரு தடவை முடியாது.

பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை, வண்டியை யாரும் திருடலை. நான்தான் தூக்கிக் குடுத்துட்டேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவ்வளவு மெதுவாகப் பேசியதால் அவருக்குக் காதில் விழவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டதையும் தான் சொன்னதையும் ஒரு எழுத்து விடாமல் சொன்னாள், தலையணைக்கு அடியில் சாவி உட்பட. சொல்லி முடித்துவிட்டு, என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது. ஐயோ, அழ வைத்துவிட்டோம் என்று நினைத்தாள். பார்த்தால் மனுஷன் சிரிக்கிறார்.

"அப்ப திருடு போகலையா அத்தை?"

"போகலை."

"பூட்டு?"

"பூட்டெல்லாம் அப்படியே இருக்கு. ஒருத்தனாலயும் ஒண்ணும் பண்ண முடியலை. நாலு ஆம்பளைங்க மூச்சு வாங்கித் தூக்கினாங்க."

"திருடு போகலை!" என்று அவர் துள்ளி எழுந்தார். "அப்ப அந்தக் கல்யாண மாப்பிள்ளைகிட்ட லாரி நம்பர் இருக்கும். எழுப்புங்க அத்தை!"

கல்யாணமான மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஒருவருடைய அறைக் கதவைத் தட்டுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். அவளுக்கு அது இருந்தது. இரண்டாவது தட்டலிலேயே அந்த மாடி முழுக்க முழித்துக்கொண்டது. தலை கலைந்த புது மாப்பிள்ளை கதவைக் கொஞ்சமாகத் திறந்து, பாதி கேட்டதும் முழுசாகத் திறந்து, போனை எடுத்தார்.

டிரைவர் போனில் பேசியது வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. "மாடியில இருந்து ஒரு அம்மாதான் சார் சொன்னாங்க, மாப்பிள்ளை வண்டியேதான்னு! உங்களை எழுப்ப வேணாம்னுகூடச் சொன்னாங்களே!" உள்ளேயிருந்து புதுப்பெண் சிரிக்கிற சத்தம் வந்தது. மாமியாருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

லாரி எதிர்த் திசையில் ஒரு மணி நேரத் தூரம் போயிருந்தது. திரும்பி வந்தால் ஏழு மணி ஆகிவிடும். அப்புறம் பத்தரைக்கு முன்னால் போக முடியாது. மாப்பிள்ளை கணக்குப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், முகம் விழுந்துவிட்டது.

"எதுக்கு என் மூஞ்சியைப் பாக்கறீங்க?" என்றார் புது மாப்பிள்ளை. "என் வண்டி முன்னாடி நிக்குது, எடுத்துட்டுப் போங்க. பின்னாடி நிக்கும்னு லாரிக்காரங்ககிட்ட சொல்லியிருந்தேன், ஓட்டிட்டுப் போன ஃபிரெண்ட் ராத்திரி லேட்டா வந்து முன்னாடியே விட்டுட்டுப் போயிருக்கான், அதான் இந்தக் குழப்பமே. உங்க வண்டி வந்ததும் நான் வாங்கி வச்சிருக்கேன். ரெண்டும் ஒரே மாதிரி வண்டிதானே, நமக்குள்ள என்ன?"

"சாவி?"

"வண்டியிலயே இருக்கும் பாருங்க. எப்பவும் அதுலதான் இருக்கும். சைடு லாக் ரெண்டு வருஷமா வேலை செய்யாது."

அதைக் கேட்டபோது அவள் மருமகனின் முகத்தில் ஓடிய கலவரத்தைப் பார்க்க வேண்டும். உலகத்தில் இப்படியும் ஒரு மனுஷன். வாழ்க்கையில் வண்டியைப் பூட்டியதே இல்லை, ஒரு தடவைகூடத் தொலைந்ததும் இல்லை.

கேட் தாண்டியபோது ஆறே கால். உடைந்த பாலத்துப் பக்கம் அவள் இறங்கி நடந்தாள், அவர் வண்டியைப் பலகை மேல் தள்ளிக்கொண்டு வந்தார். அப்புறம் ஏற்றம். வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. நாலு வருஷமாக வராத வார்த்தை அங்கே, அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தபோது வந்தது. எதிரில் முகம் இல்லாததும் ஒரு சௌகரியம்.

"மாப்பிள்ளை! அன்னிக்கு நான் சொன்னது தப்பு!"

"என்ன அத்தை?"

"தப்புன்னேன்! எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னது தப்பு!"

"கேக்குது அத்தை. ஹெல்மெட்டைத் தாண்டிக் காது கிழியுது."

வளைவில் அவர் கியரைக் குறைத்தார்.

"நான் அதை அப்பவே மறந்துட்டேன் அத்தை," என்றார்.

"பொய் சொல்லாதீங்க."

அவர் அடுத்த வளைவைத் திரும்பினார். "ஆமா, பொய்தான்," என்றார். "தினம் வண்டியைப் பூட்டும்போது ஞாபகம் வரும்." பிடித்துக்கொள்ள இதுவரை பின்கம்பியைத் தேடிக்கொண்டிருந்த கையை எடுத்து அவர் தோளில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மணி ஒன்பது ஐம்பது. வண்டி நிறுத்தும் இடம் நிறைந்துவிட்டது, வெளியே தெருவில் விட்டுக்கொள்ளுங்கள் என்று காவலாளி கையை விரித்தார். வாகனம் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. மாப்பிள்ளை அந்த எழுத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார். சங்கிலி, டிஸ்க் பூட்டு எல்லாம் லாரியோடு போய்விட்டன. இதற்குச் சைடு லாக்கும் கிடையாது. அதுவும் அடுத்தவர் நம்பிக் கொடுத்த வண்டி. கால் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாக அந்த ஆள் தவித்தார்.

மகளைப் பார்க்க அவளுக்கு ஆசையில்லையா? ராத்திரி முழுக்க அந்த முகம்தானே கண்ணில் நின்றது. பெற்றவளுக்கு முன்னால் போய் நிற்க வேறு யாருக்கு உரிமை என்று நேற்றுவரை சண்டைக்கு நின்றிருப்பாள். ஹேண்டிலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஓடுங்க. நான் நிக்கறேன்."

"அத்தை, நீங்க அவளைப் பாக்க வேணாமா?"

"அவ யாரைப் பாக்கணும்னு சொன்னா? என்னையா? ஓடுங்கன்னா!"

அவர் ஓடினார். சாவியைக்கூட எடுக்கவில்லை. அவளே அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நேரம் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது: பாத்துட்டேன் அத்தை, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க, கையெழுத்துக்குக் கூப்பிட்டா ஆள் வேணுமாம், இங்கயே இருக்கேன். அதை ஐந்து தடவை படித்தாள். வெயில் ஏறியது. ஒரு ஆட்டோக்காரர் வண்டியைத் தள்ளி விடச் சொன்னார், தள்ளிவிட்டு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முட்டி வலித்தது, தாகமாக இருந்தது, பத்தடி தள்ளி ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது, போகவில்லை. பதினோரு மணிக்குள் அவள் வேண்டிக்கொள்ளாத தெய்வம் பாக்கியில்லை.

பதினொன்றேகாலுக்கு மாப்பிள்ளை வெளியே ஓடி வந்தார். தியேட்டர் வாசலில் கழற்றிய ஷூவை மாட்டக்கூட இல்லை, வெறுங்கால். கண் சிவந்து, முகமெல்லாம் ஈரம்.

"அத்தை! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க அத்தை!"

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. நடுத்தெருவில், வண்டியைப் பிடித்துக்கொண்டே அழுதாள். கைக்குட்டையை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்து, யோசிக்காமல் அதே கைக்குட்டையால் அவர் முகத்தையும் துடைத்துவிட்டாள். நாலு வருஷத்தில் அவள் அவர் முகத்தைத் தொட்டது அதுதான் முதல். அவரும் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன குழந்தை மாப்பிள்ளை?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

"கேக்கலையே அத்தை."

"கேக்கலையா?"

"நர்ஸ் வந்து ரெண்டு பேரும் நல்லாருக்காங்கன்னு சொன்னாங்க. துணியில சுத்திக் காட்டினாங்க, இத்தனூண்டு மூஞ்சி. ஏதோ சொன்னாங்க அத்தை, காதுலயே ஏறலை. நீங்க கீழ வெயில்ல நிக்கறீங்களே, உடனே சொல்லணும்னு ஓடி வந்துட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். பெற்ற குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொள்ளாமல் மூன்று மாடி இறங்கி ஓடி வந்திருக்கிறார், இவளிடம் சொல்ல. என் பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தாள்.

மாப்பிள்ளை அவள் விரல்களை ஒவ்வொன்றாக ஹேண்டிலிலிருந்து விடுவித்து, சாவியை வாங்கிக்கொண்டார்.

"மூணாவது மாடி, இடது பக்கம். முதல்ல நீங்க போய்ப் பாருங்க அத்தை. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

"என்ன குழந்தைன்னு நீங்க தெரிஞ்சுக்காமயா? நான் எப்படி முதல்ல—"

"போங்க அத்தை. நான் இங்கதான் நிக்கறேன்."

லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நின்றிருந்தது. அவள் காத்திருக்கவில்லை. முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படியேறத் தொடங்கினாள்.